மிஸ்டிமீனர் என்பது 'தவறான நடத்தை' அல்ல: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுச் செய்திகளைக் கையாளும் ஆசிரியர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். அன்றைய அமெரிக்க அதிபரின் மகன் ஹண்டர் பைடன் 2024 செப்டம்பரில் வருமான வரி வழக்கில் ஒன்பது குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டார். அவற்றில் மூன்று ஃபெலனி (அமெரிக்கச் சட்டத்தில் கடுமையான குற்ற வகை), ஆறு மிஸ்டிமீனர் (அதற்குக் கீழ்ப்பட்ட வகை). அந்த ஆறும் வரியை உரிய காலத்தில் கட்டாதது, கணக்கைத் தாக்கல் செய்யாதது ஆகிய இரண்டுக்குள் அடங்கும். இதை அகராதி காட்டும் சொல்லை வைத்து 'ஆறு தவறான நடத்தைக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினால் என்ன ஆகும்? வரி கட்டாதவர் பெண்களிடம் அத்துமீறியவராகிவிடுவார். ஏனென்றால் ஓடும் பேருந்தில் சில்மிஷம் செய்தவரையும், மாணவியிடம் வரம்பு மீறிய ஆசிரியரையும்தான் 'தவறாக நடந்துகொண்டார்' என்று நம் செய்திகள் இத்தனை காலமாக எழுதி வருகின்றன. அந்தச் சொல்லுக்குத் தமிழில் அந்த வாடை ஏறிவிட்டது. இனி அதைக் கழுவ முடியாது.

நாங்கள் நீதிமன்ற ஆவணங்களைத் தமிழுக்கும் தமிழிலிருந்தும் பெயர்ப்பவர்கள். எங்கள் கோரிக்கை சின்னது: மிஸ்டிமீனருக்குத் 'தவறான நடத்தை' வேண்டாம், 'ஒழுங்கீனம்' வேண்டாம், வெறும் 'சிறு குற்றம்' என்றும் விட்டுவிட வேண்டாம். 'மிஸ்டிமீனர் வகைக் குற்றம்' என்று எழுதி, அதற்குரிய அதிகபட்சத் தண்டனையைப் பக்கத்திலேயே எண்ணில் போடுங்கள். காரணங்களைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம்.

அகராதியைக் குறை சொல்ல முடியாது. சொல்லைப் பிரித்தால் 'பிழையான நடை' என்றுதான் வரும். மிஸ் என்பது பிழை. டிமீனர் என்பது ஒருவர் நடந்துகொள்ளும் விதம். நடத்திச் செல்வதைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. இன்னும் பின்னே போனால் லத்தீனில் மாட்டை அதட்டி ஓட்டுவதைக் குறித்த சொல்லில் போய் நிற்கும். நம்மிடம் 'நட' என்பதிலிருந்து நடத்துவதும் நடத்தையும் கிளைத்த மாதிரியேதான் அங்கும். (இழிவுபடுத்துதல் என்ற பொருளில் வரும் டிமீன் வேறு வேரில் பிறந்தது. அதை இங்கே ஒட்டி 'இழிசெயல்' என்று எழுதுவது பிழையின் மேல் பிழை.) ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல், சட்டத்துக்குள் புழங்கிப் புழங்கி நடத்தையை எப்போதோ உதிர்த்துவிட்டது. இன்று ஓர் அமெரிக்க நீதிபதி மிஸ்டிமீனர் என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது நாள் கணக்கு.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் குற்றங்கள் மூன்று அடுக்கு: ராஜத்துரோகம், ஃபெலனி, மற்றவை. ஃபெலனிக்கு அடையாளம் சிறைவாசம் அல்ல, சொத்து. நிலமானிய முறையில் எஜமானுக்குக் கொடுத்த விசுவாசத்தை முறிப்பதே ஃபெலனியின் பழம்பொருள். முறித்தவனின் பொருட்கள் அரசருக்குப் போகும், நிலம் எஜமானுக்குத் திரும்பும், பெரும்பாலான ஃபெலனிகளுக்கு உயிரும் போகும். இந்த வலையில் விழாத மீதிக் குற்றங்களுக்கெல்லாம் பொதுப் பெயராக நின்றதுதான் மிஸ்டிமீனர். அதாவது அது மிச்சம் மீதியைப் போட்டுவைத்த கூடை. சிறிய குற்றங்களுக்கென்று தனியாக முடைந்த கூடை அல்ல.

இங்கேதான் 'சிறு குற்றம்' சறுக்குகிறது. 12 பென்ஸுக்கு மேல் போகாத திருட்டு அந்தக் காலத்தில் ஃபெலனி; தூக்கு மட்டும் கிடையாது. ஆனால் பொய்ச் சாட்சி, லஞ்சம், கூட்டுச்சதி, ஏமாற்றிப் பொருள் பறித்தல் எல்லாம் மிஸ்டிமீனர். கோழி திருடியவன் மேல்தட்டில், பொய்ச் சாட்சி சொல்லி ஒருவனைக் கெடுத்தவன் கீழ்த்தட்டில். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மிஸ்டிமீனர் வழக்கில் வழக்கறிஞர் முழுமையாக வாதாடலாம். உயிர் போகும் ஃபெலனி வழக்கிலோ, குற்றம் சாட்டப்பட்டவருக்காக வழக்கறிஞர் ஜூரியை (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவை) பார்த்துப் பேசவே 1836 வரை உரிமை இல்லை.

1870-ல் சொத்துப் பறிமுதலை ஒழித்தார்கள். அதோடு இந்தப் பாகுபாட்டின் முதுகெலும்பு முறிந்தது. பெயர் மட்டும் இன்னும் நூறு ஆண்டு ஓடியது. 1967-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் தன் முதல் பிரிவிலேயே ஃபெலனிக்கும் மிஸ்டிமீனருக்கும் இடையிலான எல்லா வேறுபாட்டையும் நீக்கியது. ஆகவே இன்று லண்டன் நீதிமன்றச் செய்தியில் மிஸ்டிமீனர் என்ற சொல் வந்தால் அதை மொழிபெயர்க்கும் முன் சந்தேகப்படுங்கள். எழுதியவர் அமெரிக்கப் பழக்கத்தில் எழுதியிருக்கலாம்.

அமெரிக்கா பழைய சொல்லை வைத்துக்கொண்டு அளவுகோலை மாற்றிக்கொண்டது. மத்தியச் சட்டத்தில் கணக்கு தெளிவு. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றம் ஃபெலனி. ஓராண்டு வரை, ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் என்றால் ஏ வகுப்பு மிஸ்டிமீனர். 30 நாளுக்கு மேல் ஆறு மாதம் வரை பி வகுப்பு. ஐந்து நாளுக்கு மேல் 30 நாள் வரை சி வகுப்பு. ஐந்து நாளோ அதற்குக் குறைவோ, அல்லது சிறையே இல்லையென்றால் அது இன்ஃப்ராக்‌ஷன், வெறும் விதிமீறல். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் பலர் மேல் பதிவான 'கட்டடத்துக்குள் ஆர்ப்பாட்டம் செய்தல்' என்ற குற்றச்சாட்டின் உச்சம் ஆறு மாதம். அது பி வகுப்பு. இந்த ஆறு மாதக் கோட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உச்சத் தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டினால் ஜூரி விசாரணை கேட்கும் உரிமை கட்டாயம் என்று 1970-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கவனியுங்கள்: விதித்த தண்டனை எவ்வளவு என்பது இங்கே பேச்சில்லை, விதிக்கக்கூடிய உச்சம் எவ்வளவு என்பதே பேச்சு. ஃபெலனியில் தண்டிக்கப்பட்டவர் ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாமல் இருக்கலாம். டொனால்ட் டிரம்ப் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வணிகக் கணக்கைப் பொய்யாக எழுதுவது நியூயார்க் சட்டத்தில் ஏ வகுப்பு மிஸ்டிமீனர். வேறொரு குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ அப்படி எழுதினால் அதே செயல் ஈ வகுப்பு ஃபெலனி, உச்சம் நான்கு ஆண்டு. பேனாவும் பேரேடும் ஒன்றுதான், நோக்கம் வேறு. 2024 மே 30-ல் 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 2025 ஜனவரி 10-ல் நீதிபதி சிறையோ அபராதமோ நன்னடத்தைக் காவலோ எதுவும் விதிக்காமல் விடுவித்தார். குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் நிற்கிறது. இந்த வழக்கில் '34-ஐ நான்கால் பெருக்கி 136 ஆண்டு சிறை' என்று கணக்குப் போட்ட தலைப்புகள் உலகெங்கும் வந்தன. பெருக்காதீர்கள். பல குற்றச்சாட்டுகளின் தண்டனையை ஏககாலத்தில் அனுபவிக்கச் சொல்வது நம்மூர் நீதிமன்றங்களைப் போல அங்கும் வழக்கம்தான்.

மறுபக்கமும் பாருங்கள். சிஐஏ இயக்குநராக இருந்த டேவிட் பெட்ரேயஸ் ரகசிய ஆவணங்களை அனுமதியின்றி எடுத்து வைத்திருந்ததாக 2015-ல் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு மிஸ்டிமீனர். அபராதம் 1,00,000 டாலர். ஏ வகுப்பு மிஸ்டிமீனருக்கு மத்தியச் சட்டம் தனிநபருக்கு வைத்த பொது உச்சமே அதுதான். நாட்டின் ரகசியத்தை வீட்டில் வைத்திருந்ததை 'சிறு குற்றம்' என்று எழுத எந்த ஆசிரியருக்கும் கை வராது. 2018-ல் அந்தப் பிரிவின் உச்சத்தை ஐந்து ஆண்டாக உயர்த்தியதால் இன்று அதே செயல் ஃபெலனி. ஆக ஒரு குற்றத்தின் வகையைச் சொல்லும்போது எந்த ஆண்டின் சட்டம் என்பதும் சேர்த்தி.

மாநிலங்களுக்குள் போனால் குழப்பம் கூடும். மேரிலாந்தில் இரண்டாம் நிலைத் தாக்குதல் மிஸ்டிமீனர்தான், ஆனால் உச்சம் பத்து ஆண்டு. பென்சில்வேனியாவில் முதல்நிலை மிஸ்டிமீனருக்கு ஐந்து ஆண்டு வரை. 'மிஸ்டிமீனர் என்றால் ஓராண்டுக்குள்' என்று பெட்டிச் செய்தி போட்டால் இந்த இரு மாநிலங்களிலும் பொய்யாகிவிடும். திருட்டின் எல்லைக்கோடும் ஊருக்கு ஊர் மாறும். டெக்சாஸில் 2,500 டாலரைத் தொட்டால் ஃபெலனி. கலிஃபோர்னியாவில் 950 டாலரைத் தாண்ட வேண்டும். நியூஜெர்சியில் 200 டாலரிலேயே மேல்வகைக்குப் போய்விடும். அதே கைப்பை ஒரு மாநிலத்தில் ஒன்று, பக்கத்து மாநிலத்தில் வேறொன்று.

நியூஜெர்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும், தமிழர்கள் நிறைய வாழும் இடம் என்பதால். அங்கே சட்டம் குற்றங்களை ஃபெலனி, மிஸ்டிமீனர் என்று பிரிப்பதே இல்லை. கீழ்வகைக்குப் பெயர் 'டிஸ்ஆர்டர்லி பர்சன்ஸ் அஃபென்ஸ்', உச்சம் ஆறு மாதம். 200 டாலருக்குக் குறைந்த கடைத் திருட்டு இதில்தான் வரும். இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஒழுங்கற்ற நபர் குற்றம்' என்று வரும். படிப்பவர், கடையில் பொருள் திருடியவர் அங்கே கூச்சல் போட்டார் என்று நினைப்பார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை அந்த மாநிலம் போக்குவரத்து விதிமீறலாகவே வைத்திருக்கிறது. வேறு பல மாநிலங்களில் முதல் தடவையே அது மிஸ்டிமீனர்.

இந்தச் சொல்லைச் சரியாக எழுதுவது மொழிச் சுத்தத்துக்காக மட்டும் அல்ல. அங்கே விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் உங்கள் செய்தியைப் படிக்கிறார்கள். 'சின்னக் கேஸ்தான், அபராதம் கட்டினால் முடிந்தது' என்று அவர்கள் நினைத்துக்கொள்வது ஆபத்து. தார்மீகக் கேடு கொண்டதாகக் கருதப்படும் குற்றத்தை, திருட்டு அதில் சேரும், நாட்டுக்குள் அனுமதி பெற்ற ஐந்து ஆண்டுக்குள் செய்து தண்டனை பெற்றால், அந்தக் குற்றத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்க முடியும் என்ற நிலையில் நாடு கடத்தலாம் என்கிறது குடியேற்றச் சட்டம். இங்கும் உச்சமே அளவு. அதனால்தான் வாஷிங்டன் மாநிலம் 2011-லும் நியூயார்க் 2019-லும் தங்கள் மிஸ்டிமீனரின் உச்சத்தை 365 நாளிலிருந்து 364 ஆக்கின. இடையில் கலிஃபோர்னியாவும் அதைச் செய்தது. அந்த ஒரு நாளில் ஒரு குடும்பம் ஊர் திரும்புவதா இருப்பதா என்பது தொங்குகிறது. '364 நாள்' என்று செய்தி ஏஜென்சி அனுப்பும் செய்தியில் வந்தால் அதை 'சுமார் ஓராண்டு' என்று உருட்டிவிடாதீர்கள்.

விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160 கேட்கும் கேள்வியும் இதுபோலத்தான்: எந்தக் குற்றத்துக்காகவாவது கைதானதோ தண்டனை பெற்றதோ உண்டா, மன்னிப்புப் பெற்றிருந்தாலும் சொல்லுங்கள் என்கிறது. ஃபெலனியா மிஸ்டிமீனரா என்று பிரித்துக் கேட்பதில்லை. குடித்து வண்டி ஓட்டிக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே விசாவை ரத்து செய்யலாம் என்ற நடைமுறை 2015 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறையில் இருக்கிறது.

குடியேற்றச் செய்தியிலேயே இன்னொரு முடிச்சு. சோதனைச் சாவடியைத் தவிர்த்து எல்லை தாண்டுவது முதல் தடவை மிஸ்டிமீனர், ஆறு மாதம் வரை. நாடு கடத்தப்பட்டவர் அனுமதியின்றி மறுபடி நுழைந்தால் ஃபெலனி, அடிப்படை உச்சம் இரண்டு ஆண்டு. முறையாக விசாவில் போய், காலம் முடிந்தும் தங்கியிருப்பது இவை இரண்டுமே அல்ல; அது உரிமையியல் மீறல், குற்றவியல் குற்றமே கிடையாது. விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்ட அத்தனை பேரையும் 'குற்றவாளிகள்' என்று ஒரே வரியில் எழுதுவதற்கு முன் யார் எந்த வகை என்று பாருங்கள்.

'அப்படியானால் நம்மூர் பெட்டி கேஸ் என்று எழுதிவிடலாமே' என்று ஒரு யோசனை வரலாம். வேண்டாம். காவல் நிலையத்துப் பெட்டி கேஸின் 'பெட்டி', சின்ன என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் ஆங்கிலம் வழியாக வந்தது. பெட்டிக்கடையின் மரப்பெட்டிக்கும் அதற்கும் உறவில்லை. நம் சட்டத்தில் ஃபெலனி, மிஸ்டிமீனர் பாகுபாடே கிடையாது. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம் எல்லாவற்றையும் 'குற்றம்' என்ற ஒரே சொல்லில் அடக்கியது. அதன் வார்ப்பில் எழுந்த இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்களும் அப்படியே. கைது செய்ய வாரண்ட் வேண்டுமா, ஜாமீன் உரிமையா, சம்மன் வழக்கா வாரண்ட் வழக்கா என்பவையே இங்குள்ள கோடுகள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவில் சில்லறைக் குற்றம் என்றால் 5,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றம். மோட்டார் வாகனச் சட்ட அபராதங்கள் அதில் சேராது. சிறையே இல்லாத அதை, பத்து ஆண்டு வரை போகக்கூடிய மேரிலாந்து மிஸ்டிமீனரோடு எப்படிச் சமன் செய்வது?

'சிறு' என்ற அடைமொழியை நம்பக் கூடாது என்பதற்கு நம் புதிய சட்டமே சாட்சி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவுக்குப் பெயர் சிறு அமைப்புசார் குற்றம். கும்பலாகச் செய்யும் திருட்டு, கள்ள டிக்கெட், பந்தயம், வினாத்தாள் விற்பனை எல்லாம் இதில் வரும். தண்டனை குறைந்தது ஓராண்டு, ஏழு ஆண்டு வரை. பெயரைப் பார்த்து 'சிறு குற்றத்தில் கைது' என்று தலைப்புப் போட்டால், ஜாமீனுக்கு அலையும் குடும்பம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

அதிபர் பதவி நீக்கச் செய்திகளில் வரும் 'ஹை கிரைம்ஸ் அண்ட் மிஸ்டிமீனர்ஸ்' தனிக் கதை. 1787 செப்டம்பர் 8-ல் பிலடெல்பியாவில் அரசியல் சாசனம் எழுதும் மன்றத்தில் ஜார்ஜ் மேசன் 'நிர்வாகச் சீர்கேடு' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். அது வரம்பில்லாத சொல், அதை வைத்தால் அதிபர் செனட்டின் தயவில்தான் பதவியில் இருக்க வேண்டிவரும் என்று ஜேம்ஸ் மேடிசன் ஆட்சேபித்தார். மேசன் உடனே இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் பழைய தொடரை எடுத்து வைத்தார். அவர் அன்று காட்டிய உதாரணம் நமக்கு அந்நியமானதல்ல: வங்காளத்தில் ஆட்சி செய்துவிட்டு லண்டனில் குற்றச்சாட்டை எதிர்கொண்டிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ். அவர் செய்தது ராஜத்துரோகம் இல்லையே, அப்படியானால் எந்தச் சொல்லுக்குள் அவரைப் பிடிப்பது என்பதே மேசனின் கேள்வி. இத்தொடரில் 'ஹை' என்பது உயர் பதவியையும் அரசையும் சார்ந்தது. மிஸ்டிமீனரோ ஓராண்டுக் கணக்குக்கு உட்பட்டதல்ல. 'உயர் பதவியில் இழைத்த பெருங்குற்றங்களும் பிற முறைகேடுகளும்' என்று எழுதலாம். இங்கே மட்டும் மிஸ்டிமீனரை ஒலிபெயர்க்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இனி இரவுப் பணியில், பக்கம் முடிக்கும் அவசரத்தில் செய்யக்கூடியது. முதலில் செய்தியில் மத்திய வழக்கா மாநில வழக்கா, எந்த மாநிலம் என்று தேடுங்கள். அடுத்து உச்சத் தண்டனை. அமெரிக்க நீதித் துறையின் அறிக்கைகளில் அது பெரும்பாலும் கடைசிப் பத்திகளில் இருக்கும். ஏஜென்சிகள் வெட்டுவதும் அந்தப் பத்திகளைத்தான். கிடைக்கவில்லையா, வகையை எழுதாமல் செயலை எழுதுங்கள்: 'வரிக் கணக்கு தாக்கல் செய்யாத குற்றச்சாட்டு'. தலைப்பில் எப்போதுமே செயல்தான், வகை வேண்டாம். பிறகு, குற்றம் சாட்டப்பட்டாரா, ஒப்புக்கொண்டாரா, தண்டிக்கப்பட்டாரா என்பதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஃபெலனியில் தொடங்கிய வழக்கு, அரசுத் தரப்போடு பேசிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் மிஸ்டிமீனராகி முடிவது அங்கே அன்றாடம், எனவே பழைய செய்தியிலிருந்து வகையை வெட்டி ஒட்டினால் தவறும்.

ஜெயில், ப்ரிசன் இரண்டுக்கும் நாம் 'சிறை' என்றே எழுதுகிறோம். அங்கே முதலாவது பொதுவாக மாவட்ட அளவிலானது, விசாரணைக் கைதிகளும் குறுகிய தண்டனைக்காரர்களும் இருப்பது. இரண்டாவது மாநில, மத்திய அரசின் பெருஞ்சிறை. கிளைச் சிறைக்கும் மத்திய சிறைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த நம் வாசகருக்கு 'உள்ளூர்ச் சிறை' என்று ஒரு சொல் கூட்டினாலே விளங்கும்.

பிற நாடுகளைப் பற்றி இரண்டு வரி. கனடாவில் மிஸ்டிமீனர் இல்லை. அங்குள்ளது சம்மரி குற்றம் (எளிய நடைமுறையில் விசாரிப்பது), இன்டைட்டபிள் குற்றம் (கடுமையானது, முறையான குற்றப்பத்திரிகையோடு விசாரிப்பது), இரண்டில் எப்படியும் வழக்கு நடத்தக்கூடிய ஹைப்ரிட். சம்மரியின் பொது உச்சம் 2019 முதல் 'இரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு'. அந்த ஒரு நாளையும் விட்டுவிடாதீர்கள். பிரான்ஸில் குற்றங்கள் மூன்று அடுக்கு. நடு அடுக்கான டெலியை ஆங்கில ஏஜென்சிகள் மிஸ்டிமீனர் என்று எழுதுவதுண்டு, ஆனால் அதற்குப் பத்து ஆண்டு வரை சிறை உண்டு.

ஒலிபெயர்ப்பு தமிழுக்கு அழகா என்று கேட்பவர்களுக்கு: ஜாமீன், வாரண்ட், சம்மன் எல்லாம் நம் வாசகர் வாயில் பழகிப்போனவை. நல்ல தமிழ்ச் சொல் ஒன்று நிலைபெற்றால் முதலில் மாறுபவர்கள் நாங்களாக இருப்போம். அதுவரை, வேறொரு பொருளில் ஊறிய தமிழ்ச் சொல்லைவிடப் பொருள் புதிதாக ஏறக்கூடிய வேற்றுச் சொல் பாதுகாப்பானது.

ஏற்கெனவே வெளியான செய்தியில் பிழை இருந்தால் உள்ளே ஒரு சொல்லை மாற்றி விட்டுவிடாதீர்கள். தலைப்பு, இணைய முகவரியில் உள்ள சொற்கள், சமூக ஊடக அட்டை, காணொளியின் முகப்புப் படம் நான்கிலும் அது தங்கியிருக்கும். பெயரைத் தேடுபவருக்கு முதலில் கண்ணில் படுவதும் அவைதான். திருத்திய தேதியையும், 'முன்பு தவறான நடத்தை என்று வெளியானது. வழக்கு வரி தொடர்பானது' என்பது போன்ற ஒரு வரியையும் அடியில் சேருங்கள்.

இப்படிக்கு,
நீதிமன்ற ஆவண மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்